குதிரை மேல் ஏற்றினால் போதுமா? குதிரைவழி சிகிச்சை பற்றி ஒரு விளக்கம்

ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்), மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. பேச்சு வராத ஒரு குழந்தை குதிரை மேல் உட்கார்ந்து சிரிக்கும். கீழே, "பத்தே அமர்வில் பேச்சு வந்தது" என்று ஒரு வரி ஓடும். பார்க்கிற பெற்றோருக்கு உடனே இரண்டு கேள்விகள் எழும். இது உண்மையா? உண்மையென்றால், மெரினாவில் வாரம் ஒரு தடவை சவாரிக் குதிரையில் ஏற்றிவிட்டால் ஆகாதா?

முதல் கேள்விக்குப் பதில்: ஓரளவு உண்மை, ஆனால் அந்த வீடியோ சொல்கிற அளவுக்கு இல்லை. இரண்டாவதற்குப் பதில்: ஆகாது. பிசியோதெரபி அறையில் கிடக்கும் பெரிய பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தின் மேல் குழந்தையை உட்கார வைத்தாலே சிகிச்சை ஆகிவிடாது. பந்தை எந்தப் பக்கம், எவ்வளவு, எதற்காக உருட்டுகிறோம் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். குதிரையும் அப்படிப்பட்ட ஒரு கருவிதான். ஒரே வித்தியாசம், இந்தக் கருவிக்கு உயிர் இருக்கிறது, 300 முதல் 500 கிலோ எடை இருக்கிறது, பயப்படவும் செய்யும்.

## ஒரே பெயர், நான்கு வேலைகள்

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. பொத்தாம்பொதுவாக "ஹார்ஸ் தெரபி" என்று சொல்வதற்குள் நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

1. ஹிப்போதெரபி. கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. இதை நடத்துபவர் இயன்முறை மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்), பேச்சு சிகிச்சையாளர் ஆகியோரில் ஒருவர். குழந்தை இங்கே குதிரையை ஓட்டுவதில்லை. குதிரையின் நடை குழந்தையின் உடலை அசைக்கிறது. அந்த அசைவைக் கூட்டியும் குறைத்தும் தெரபிஸ்ட் தன் சிகிச்சையைச் செய்கிறார்.

2. சிகிச்சைச் சவாரி. நடத்துபவர், குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தனிப்பயிற்சி பெற்ற சவாரி ஆசிரியர். குழந்தை லகானைப் பிடித்து நிறுத்த, திருப்ப, கிளப்பக் கற்றுக்கொள்கிறது. குறிக்கோள் சவாரிதான். கவனம், பொறுமை, சொல் கேட்டல் எல்லாம் அதன் கூடவே வளர்கின்றன.

3. குதிரைவழி உளவியல் சிகிச்சை. பெரும்பாலும் தரையில் நின்றபடியே நடக்கும். பதற்றம், அதிர்ச்சி, கோபக் கட்டுப்பாடு போன்றவற்றுக்கு உளவியலாளர் ஒருவர் குதிரையோடு சேர்ந்து நடத்துவது.

4. குதிரைவழிக் கற்றல். பள்ளிக் குழந்தைகளுக்கான கூட்டு விளையாட்டு, பொறுப்புணர்வு இதெல்லாம். நல்ல விஷயம், ஆனால் சிகிச்சை இல்லை.

அமெரிக்காவில் இந்தத் துறையினர் 2021-இல் வெளியிட்ட ஒருமித்த ஆவணம், "ஈக்வைன் தெரபி" என்ற பொதுச்சொல்லையே விட்டுவிடச் சொன்னது. எது நடக்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். ஹிப்போதெரபியில் கிடைத்த ஆய்வு முடிவைக் காட்டி வெறும் சவாரியை விற்பதும், சவாரியில் கிடைத்த முடிவைக் காட்டி வேறொன்றை விற்பதும் நடக்கிறது. பெயர் தெளிவானால் அந்த வியாபாரம் பாதி குறையும்.

வரலாறு சுருக்கமாக: டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1944-இல் போலியோவால் பாதிக்கப்பட்டவர். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயல்படாத நிலையில் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரை நடைப் போட்டியான டிரெஸ்ஸாஜில் வெள்ளி வென்றார். மாற்றுத்திறனாளிகளுக்கும் சவாரி என்ற எண்ணம் ஐரோப்பாவில் பரவ அது பெரிய தூண்டுகோல். 1960-களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் இயன்முறை மருத்துவர்கள் குதிரை நடையை முறையான சிகிச்சையாக்கினார்கள். சிகிச்சைச் சவாரிக்கென்று இன்று பாத் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க அமைப்பு 1969-இல் தொடங்கியது.

## குதிரையின் நடையில் அப்படி என்ன இருக்கிறது?

குதிரை மெதுவாக நடக்கும்போது நான்கு குளம்புகளும் தனித்தனியாக, ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று சீராகத் தரையில் படும். இடது பின்னங்கால் முன்னே வரும்போது முதுகின் இடது பக்கம் தாழும். மேலே இருக்கும் குழந்தையின் இடுப்பும் அந்தப் பக்கம் தாழ்ந்து, லேசாக முன்னே போய், சற்றுத் திரும்பும். அடுத்த கணம் வலது பக்கம். முன்-பின், இட-வலம், சுழற்சி என்ற இந்த மூன்று அசைவும் சேர்ந்தால், நாம் நடக்கும்போது நம் இடுப்பு எப்படி அசைகிறதோ கிட்டத்தட்ட அதே அசைவு.

பின்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 100 உந்தல் கொடுக்கும். 20 நிமிடம் நடந்தால் 2000. நடக்கவே முடியாத ஒரு குழந்தையின் இடுப்புக்கும் முதுகுக்கும் நடப்பதன் அசைவை 2000 தடவை, அதுவும் அழாமல் சிணுங்காமல், கொடுக்க வேறு எந்த மேசையாலும் பந்தாலும் முடியாது. ஒவ்வோர் உந்தலுக்கும் குழந்தை விழாமலிருக்கத் தன் வயிற்றையும் முதுகையும் தானே இறுக்கித் தளர்த்துகிறது. பயிற்சி அதில்தான் இருக்கிறது.

தெரபிஸ்ட் கையில் இருக்கும் திருகாணிகள் என்று இவற்றைச் சொல்லலாம்:

1. நேர்கோடு. சமச்சீரான அசைவு. புதிய குழந்தைக்கு இதிலிருந்துதான் தொடக்கம்.

2. வட்டம். 20 மீட்டர் விட்டத்தில் தொடங்கி 10 மீட்டர் வரை சுருக்கலாம். வட்டம் சிறிதாகச் சிறிதாக உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். ஒரு பக்கம் பலவீனமான குழந்தைக்கு எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பது மருந்தின் அளவு மாதிரி முக்கியம்.

3. நிற்றலும் கிளம்பலும். குதிரை நிற்கும்போது உடல் முன்னே சாயும், கிளம்பும்போது பின்னே. நடுவுடலுக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை. முதல் வாரத்திலேயே இதை அதிகம் கொடுத்தால் குழந்தை பயந்து கழுத்தை இறுக்கிக்கொள்ளும்.

4. உட்காரும் விதம். முன்னோக்கி, பக்கவாட்டில், பின்னோக்கி. பின்னோக்கி உட்கார்ந்து குதிரையின் அகன்ற பின்பகுதியில் கைகளை ஊன்றினால் தோள்பட்டைக்கு வேலை.

5. நடையின் நீளம். நீள அடி வைத்து நடக்கும் குதிரை துடிப்பைக் கூட்டும். சின்ன அடியாகச் சீராக நடக்கும் குதிரை அமைதிப்படுத்தும்.

## நடத்தைச் சிக்கல்களுக்கு இது எந்த வழியில் உதவுகிறது?

உடல் சமநிலைக்கு உதவுவது எளிதாகப் புரிகிறது. கத்தல், ஓட்டம், அடித்தல், கவனமின்மை இவற்றுக்கு ஒரு குதிரை என்ன செய்யும்?

முதல் வழி, உடல் வழி. எப்போதும் ஓடிக்கொண்டே, குதித்துக்கொண்டே இருக்கும் பல குழந்தைகள் தங்கள் உடலுக்கு வேண்டிய அசைவையும் அழுத்தத்தையும் தேடித்தான் அப்படிச் செய்கிறார்கள். சீரான மெதுநடை அதைக் கொடுக்கிறது. தூங்குமூஞ்சியாக, எதிலும் ஈடுபடாமல் இருக்கும் குழந்தைக்கு நேரெதிர்: அடிக்கடி திருப்பம், நிற்றல், கிளம்பல். ஒரே குதிரை, இரண்டு குழந்தைகள், இரண்டு விதமான அமர்வு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் துள்ளும் குழந்தை இன்னும் துள்ளும்.

இரண்டாவது வழி, சொல்லுக்கு உடனே கிடைக்கும் பலன். இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குதிரை நின்றிருக்கிறது. மேலே ஆறு வயதுக் குழந்தை. எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். கயிறு பிடித்திருப்பவர் குதிரையைக் கிளப்பவில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் "சொல்லு கண்ணா, சொல்லு" என்று நச்சரிக்கவில்லை. தெரபிஸ்ட் மனதுக்குள் பத்து எண்ணுகிறார். குழந்தை இடுப்பை முன்னே தள்ளிப் பார்க்கிறது, பிடரியைத் தட்டுகிறது. கடைசியில் "ந" என்கிறது. அந்த ஒரு எழுத்துக்கே குதிரை உடனே நகர வேண்டும். அரை விநாடி தாமதித்தாலும் சொல்லுக்கும் நடைக்கும் உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடும். அடுத்த வாரம் "நட" வரும் வரை "ந"வுக்கே மரியாதை. பேசவே வராத குழந்தைக்கு, தொடையில் இரண்டு தட்டு அல்லது படஅட்டையைக் காட்டுவது சொல்லுக்குச் சமம்.

இந்தக் காத்திருப்பில்தான் பெரும்பாலான இடங்கள் கோட்டை விடுகின்றன. நல்ல மனதுள்ள தன்னார்வலர்கள் குழந்தைக்கு முந்திக்கொண்டு தாங்களே "நட, நட" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்போது பேசக் கற்றுக்கொள்வது குதிரைக்காரர்தான்.

மூன்றாவது, குதிரையின் இயல்பு. இது இரையாக வாழ்ந்த விலங்கு. மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர ஏறக்குறைய எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவரின் பதற்றம் அதன் காதிலும் கழுத்திலும் உடனே தெரிந்துவிடும். கத்தினால் விலகும், மெதுவாகப் போனால் தலையைத் தாழ்த்தும். மனிதர்கள் காட்டும் நூறு முகபாவங்களைப் படிக்கத் தடுமாறும் குழந்தைக்கு இந்த மறுமொழி எளிது. காது பின்னால் படுத்தால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

## ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆட்டிசத்தில் பேர்சொல்லும்படியான ஆய்வு 2015-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ராபின் கேப்ரியல்ஸ் குழுவினர் வெளியிட்டது. 6 முதல் 16 வயது வரையான 127 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10 வாரம் சிகிச்சைச் சவாரி. மற்றப் பிரிவும் அதே லாயச் சூழலில் குதிரை பற்றிய பாடங்களையே செய்தது, ஆனால் உயிருள்ள குதிரை இல்லாமல். சவாரிப் பிரிவில் எரிச்சலும் மிகைத்துடிப்பும் ஐந்தாவது வாரத்திலிருந்தே குறையத் தொடங்கின. சமூகத் தொடர்பு முன்னேறியது. பேசும் சொற்களின் எண்ணிக்கையும், புதுச் சொற்களும் கூடின. கிடைத்த பலன் நடுத்தர அளவு.

இதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. எரிச்சலையும் துடிப்பையும் மதிப்பிட்டது பெற்றோர், தங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். நம்பிக்கை மதிப்பெண்ணைக் கூட்டியிருக்கலாம். இன்னொன்று, ஆட்டிசம் 'குணமானது' என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

மூளை முடக்குவாதத்தில் இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2009-இல் ஆஸ்திரேலியாவில் 99 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 வாரம் சிகிச்சைச் சவாரி கொடுத்துப் பார்த்தார்கள். உடல் இயக்கத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. 2015-இல் தென்கொரியாவில் 92 குழந்தைகளை வைத்துச் செய்ததில், வாரம் இரண்டு முறை, 30 நிமிடம் வீதம், 8 வாரம் ஹிப்போதெரபி பெற்றவர்களின் இயக்கத்திறன் மதிப்பெண் கூடியது. ஆய்வுகளின் அமைப்பு வேறுவேறு என்பதால் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. ஆனாலும் யார் நடத்துகிறார், வாரத்துக்கு எத்தனை முறை என்பதைப் பொருட்படுத்தாமல் "குதிரை நல்லது" என்று சொல்ல முடியாது என்பதை இவை காட்டுகின்றன. ஏடிஹெச்டியில் இருப்பவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அதற்காக மருந்தையோ நடத்தைப் பயிற்சியையோ நிறுத்துவது தவறு. பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டு அந்தக் காசில் குதிரைக்குப் போவதும் தவறுதான்.

## யாரை ஏற்றவே கூடாது?

மருத்துவரின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் குழந்தையை ஏற்றும் இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். பார்க்க வேண்டியவை:

1. டவுன் சிண்ட்ரோம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு சில குழந்தைகளுக்குத் தளர்வாக இருக்கும். குதிரையின் குலுக்கலில் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. நரம்பு சார்ந்த பரிசோதனை ஆண்டுதோறும் வேண்டும். நடை தடுமாறுவது, சிறுநீர்க் கட்டுப்பாடு திடீரென்று போவது, கழுத்தைச் சாய்த்தே வைத்திருப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

2. கட்டுக்குள் வராத வலிப்பு.

3. இடுப்பு மூட்டு நழுவல். மூளை முடக்குவாதத்தில் இது சகஜம். அகன்ற முதுகுள்ள குதிரையில் தொடைகளை வலிய விரித்து உட்கார வைத்தால் பாதிப்பு கூடும். இடுப்பு எக்ஸ்ரே பார்த்த பிறகு, ஒடுங்கிய முதுகுள்ள குதிரையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. எளிதில் உடையும் எலும்பு, ரத்தம் உறையாமை நோய், கடுமையான முதுகு வளைவு, உட்காரும் இடத்தில் ஆறாத புண்.

5. வைக்கோல் தூசியிலோ குதிரை முடியிலோ மூச்சிரைப்பு வரும் குழந்தை.

6. விலங்குகளை வேண்டுமென்றே துன்புறுத்தும் பழக்கம். இங்கே ஆபத்து குழந்தைக்கு மட்டும் இல்லை.

வயதைப் பொறுத்தவரை, பாத் இன்டர்நேஷனல் வழக்கப்படி ஹிப்போதெரபிக்குக் குறைந்தது 2 வயது, சிகிச்சைச் சவாரிக்கு 4.

பலரும் கவனிக்காத ஒன்று மருந்து. ஆட்டிசக் குழந்தைகளின் எரிச்சலுக்குக் கொடுக்கப்படும் ரிஸ்பெரிடோன் தூக்கக் கலக்கம் தரலாம், உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கலாம், எடையையும் கூட்டலாம். மாத்திரை நேரத்தைத் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். எடையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

## குதிரையும் அதன் கணக்கும்

சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொது விதி. சமநிலை இல்லாமல் ஒரு பக்கம் சரியும் குழந்தைக்கு 15-ஐத்தான் எடுக்க வேண்டும். 300 கிலோ நாட்டுக் குதிரைக்கு அது 45 கிலோ. விரிப்பும் கைப்பிடிப் பட்டையும் 5 கிலோ என்றால் மிச்சம் 40. பத்து வயதில் 42 கிலோ இருக்கும் குழந்தைக்கு அந்தக் குதிரை ஒத்துவராது. குழந்தைக்குப் பின்னால் பெரியவர் ஒருவரும் ஏறி உட்காருவது சில இடங்களில் வழக்கம். எடைக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். அந்தப் பெரியவர் உட்காருவதும் குதிரை முதுகின் பலவீனமான பகுதியில்.

ஓய்வு பெறும் பந்தயக் குதிரைகள் மலிவாகக் கிடைக்கும் என்பதால் அவற்றைச் சிகிச்சைக்கு வாங்கலாமா என்ற யோசனை வரும். சிலது ஒத்துவரும், ஆனால் பல மாதம் மறுபயிற்சி வேண்டும். ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட உயிர், பின்னால் ஒரு சத்தம் கேட்டதும் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கேரிபேக் பறந்தாலும், குழந்தை வீறிட்டாலும், சக்கர நாற்காலி உரசினாலும் ஓடாமல் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பழக்கிச் சோதித்த பிறகே குழந்தையை ஏற்ற வேண்டும்.

குதிரை களைத்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு: வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது கடிக்கத் திரும்புதல், வாலை ஓயாமல் அடித்தல், காதைப் பின்னால் படுக்கவைத்தல், பல்லை நறநறவென்று தேய்த்தல். ஒரு பக்கமே சரியும் குழந்தைகளைத் தொடர்ந்து சுமந்தால் முதுகில் வலி வரும். வாரத்தில் ஓரிரு நாள் நன்றாகச் சவாரி தெரிந்தவர் ஏறி அதன் முதுகைச் சீராக்க வேண்டும். சும்மா மேயவும் விட வேண்டும். வலியோடு நிற்கும் குதிரை ஒரு நாள் உதைக்கும். அப்போது "நல்ல குதிரைதான், என்னவோ ஆகிவிட்டது" என்பார்கள். என்னவோ ஒன்றும் ஆகவில்லை, அது பல நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

நோய் விஷயத்தில் கிளாண்டர்ஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள். குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றும், உயிரைப் பறிக்கக்கூடிய பாக்டீரியா நோய். இந்தியாவில் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் ஒன்று. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். குழந்தைக்கு டெட்டனஸ் ஊசி முறைப்படி போட்டிருக்க வேண்டும்.

## 45 நிமிட அமர்வு எப்படிப் போகும்?

குதிரை மேல் இருக்கும் நேரம் 20 முதல் 25 நிமிடம்தான். முதல் பத்து நிமிடம் தரையில்: ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்ப்பது, பிறகு தூரிகையால் முடி போகும் திசையில் இழுப்பது. எந்தக் கையால் தேய்க்கிறது, உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் கை போகிறதா என்று தெரபிஸ்ட் பார்த்துக்கொண்டிருப்பார். ஏறுவதற்கு மேடையோ சரிவுப்பாதையோ வேண்டும். கீழிருந்து குழந்தையைத் தூக்கிப் போடுவது குதிரை முதுகுக்கும் கெடுதல், குழந்தைக்கும் பயம்.

குதிரையின் தலைப்பக்கம் ஒருவர், இரு பக்கமும் நடக்க ஒவ்வொருவர், கூடவே தெரபிஸ்ட். தொடக்கத்தில் ஒரு குழந்தைக்கு இத்தனை பேர் வேண்டும். சேணத்துக்குப் பதில் பஞ்சு விரிப்பும் கைப்பிடி வைத்த பட்டையும் போட்டால் குதிரையின் அசைவும் சூடும் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். அங்கவடி (பாதம் வைக்கும் வளையம்) பயன்படுத்தினால், விழும்போது பாதம் சிக்காமல் விடுபடும் பாதுகாப்பு வகையாகத்தான் இருக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்:

1. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது. குதிரை மிரண்டு இழுத்தால் விரல் போகும். மடித்துப் பிடிக்க வேண்டும்.

2. பக்கத்தில் நடப்பவர் குதிரை மேல் சாய்வது, அல்லது குழந்தையின் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக் கீழே இழுப்பது. குழந்தை அந்தப் பக்கமே சரியும்.

3. சைக்கிள் ஹெல்மெட் போடுவது. சவாரிக்கென்று தரச்சான்று பெற்ற ஹெல்மெட்தான் வேண்டும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, தாடைப் பட்டைக்குள் ஒரு விரல். ஒரு தடவை பலமாக அடிபட்டால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். தலையில் எதையும் தாங்காத குழந்தைக்கு வீட்டிலேயே பழக்குங்கள்: முதல் நாள் 10 விநாடி, அப்புறம் 30, அப்புறம் ஒரு பாட்டு முடியும் வரை.

4. வீறிட்டதும் இறக்கிவிடுவது. வீறிட்டால் இறக்குவார்கள் என்று குழந்தை கற்றுக்கொண்டால் அடுத்த வாரமும் அதுவே நடக்கும். முதல் நாளிலிருந்தே "போதும்" என்பதற்கு ஒரு சைகையைக் கற்றுக்கொடுத்து, அந்தச் சைகை வந்தால் தயங்காமல் இறக்க வேண்டும். வீறிடும்போது குதிரையை நிறுத்தி, இருபுறமும் தொடை மேல் கையை அணைத்து வைத்து, யாரும் பேசாமல் நின்று, குழந்தை கொஞ்சம் தணிந்ததும் அந்தச் சைகையைச் செய்யவைத்து இறக்குவது முறை. விழும் ஆபத்தோ வலியோ இருந்தால் மட்டும் இதெல்லாம் பார்க்காமல் உடனே இறக்க வேண்டும். அதற்கான ஒத்திகையைக் குழு மாதந்தோறும் செய்திருக்க வேண்டும்.

## நம் ஊர் வெயில்

"காலையில் சீக்கிரம் செய்தால் சரி" என்று நினைப்போம். கடலோர ஊர்களில் அது பாதிதான் சரி. குதிரைக்காரர்களிடம் உலகெங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 130-க்குள் இருந்தால் கவலையில்லை, 150-ஐத் தாண்டினால் கவனம், 180-ஐத் தாண்டினால் வேலையே வாங்கக்கூடாது. காலையில் 30 டிகிரி செல்சியஸ் என்றால் 86 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 80 என்றால் கூட்டுத்தொகை 166. குதிரையும் மனிதரைப் போல வியர்த்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. காற்று ஈரமாக இருந்தால் வியர்வை உலராது. ஆகவே சென்னையில் கோடையில் நிழலான களம், குறைந்த அமர்வு, இடையில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கட்டாயம். தாகத்தைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு ஏறுவதற்கு முன்னும் இறங்கியதும் தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

## பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் 'குதிரை சிகிச்சையாளர்' என்று ஒரு வகையே இல்லை. ஆகவே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதால் மட்டும் யாரும் தகுதி பெற்றுவிடுவதில்லை. பேச்சு சிகிச்சையாளரோ மருத்துவ உளவியலாளரோ அந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். இயன்முறை மருத்துவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். கேள்விகள் இவை:

1. நடத்துபவரின் அடிப்படைத் தகுதி என்ன? அமர்வு முழுக்கக் களத்தில் இருப்பாரா, கையெழுத்துக்கு மட்டுமா?

2. என் குழந்தைக்கு எழுதப்பட்ட குறிக்கோள் என்ன? "தன்னம்பிக்கை வளரும்" என்பதை அளக்க முடியாது. "பிடிக்காமல் 30 விநாடி நிமிர்ந்து உட்காருவான்", "உதவியில்லாமல் ஓர் அமர்வில் ஐந்து தடவை 'நட' என்று கேட்பாள்" இவையெல்லாம் அளக்கக்கூடியவை.

3. தொடங்கும் முன் எதை அளந்தீர்கள், மறுபடி எப்போது அளப்பீர்கள்? 10 அல்லது 12 அமர்வுக்கு ஒரு முறை நியாயம். அந்த முன்னேற்றம் வீட்டிலும் பள்ளியிலும் தெரிகிறதா என்று ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். குதிரை மேல் மட்டும் அமைதியாக இருப்பது போதாது. இரண்டு சுற்றுக்குப் பிறகும் எண்கள் நகரவில்லை என்றால் நிறுத்துவதில் தவறில்லை, குழந்தையைக் கைவிட்டதாக யாரும் உங்களைச் சொல்ல விடாதீர்கள்.

4. குதிரை ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகளைச் சுமக்கிறது?

5. இந்தக் குதிரை இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். சிகிச்சைக் குதிரைகள் பெரும்பாலும் நடுவயது தாண்டியவை. நொண்டும், ஓய்வு பெறும், இறந்தும் போகும். ஒரே குதிரையோடு ஒட்டிக்கொண்ட ஆட்டிசக் குழந்தைக்கு, ஒரு நாள் காலையில் அந்த இடத்தில் வேறு நிறக் குதிரை நிற்பது பேரிடி. நல்ல இடங்களில் தொடக்கத்திலிருந்தே இரண்டு குதிரைகளையாவது பழக்குவார்கள். மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்தால் பழைய குதிரையின் படத்தையும் புதியதன் படத்தையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். முதல் அமர்வில் புதிய குதிரையில் ஏற்றாமல் தேய்க்க மட்டும் விடுவார்கள். குழந்தைக்குப் பழகிய அதே ரப்பர் சீப்பு, அதே நீலத் தூரிகை.